எண் போடாத தாள்கள்

கருத்தரங்குக்குக் கிளம்பும் நேரத்தில், போயிருந்த கரண்ட் திடீரென வந்தது. மின்விசிறி சுழன்று பேராசிரியர் கோமதிநாயகத்தின் கட்டுரையை அறை முழுக்க இறைத்துவிட்டது. கையால் எழுதுகிறவர், தாளுக்கு எண் போடும் பழக்கம் கிடையாது. அவரும் மனைவி வடிவுமாகக் குனிந்து பொறுக்கினார்கள்.

"எதுக்கு அப்புறம் எது வரணும்? சொல்லுங்க, அடுக்கித் தர்றேன்."

அவர் ஒரு தாளைப் படித்தார். 'ஆகவே, தாலாட்டு என்னும் நிகழ்த்துவெளியில் தன்னிலையின் இன்மையே அதன் இருப்பாகிறது.' அடுத்த தாளும் 'ஆகவே' என்றுதான் தொடங்கியது. எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாள் என்று அவருக்கே பிடிபடவில்லை. வாசலில் கார் ஹாரன் அடித்தது. வடிவு அடுக்கிக் கொடுத்த வரிசையிலேயே அரங்கில் வாசித்தார். கைதட்டல் ஓய நேரம் பிடித்தது. "படிப்படியாகக் கட்டி எழுப்பிய வாதம்" என்று அமர்வுத் தலைவர் பாராட்டினார்.

மாலையில் சால்வையோடு திரும்பியவரிடம் வடிவு ஒரு தாளை நீட்டினாள்.

"கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. விட்டுட்டுப் போயிட்டீங்க."

கட்டுரையின் முதல் தாள் அது. அதில் ஒரே வாக்கியம்தான் இருந்தது: 'பிள்ளையைத் தூங்கவைக்கப் பாடும்போதெல்லாம் என் மனைவி ஏன் அழுதாள் என்று தெரிந்துகொள்ளவே இதை எழுதத் தொடங்கினேன்.'

"படிச்சியா?"

"இது ஒண்ணுதான் புரிஞ்சுச்சு" என்றவள், அவர் தோளிலிருந்த சால்வையை எடுத்து நிதானமாக மடித்தாள். "அந்தப் பிள்ளைக்கே கல்யாணம் ஆயிடுச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."