கடைசித் தொழிலாளி

நிர்வாக இயக்குநரின் சம்பளம், ஆலையின் மிகக் குறைந்த கூலியைப்போல் இருபது மடங்கைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வந்தது. கோவை பம்ப் ஆலை நானூறு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சிய ஒரே தொழிலாளி செண்பகவல்லியின் கூலியை மட்டும் ஏற்றிக்கொண்டே போனது.

மகள் கல்யாணத்துக்கு ஒரு நாள் லீவு கேட்டாள்.

“தொழிலாளியே இல்லாத நாளுக்கு எம்.டி.க்குச் சம்பளம் கிடையாதுங்க. அறுபது வயசு வரைக்கும் லீவே எடுக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க,” என்றார் மேலாளர். “கல்யாணத்தை இங்கயே வெச்சுக்கலாம். செலவு எங்களோடதுங்க.”

மகள் நித்திலா வந்து, இயந்திரங்களுக்கு நடுவே கட்டியிருந்த வாழைமரங்களைப் பார்த்தாள்.

“மாப்பிள்ளையோட அப்பாவை இங்கிருந்துதானேம்மா தொரத்துனாங்க? அவர் எப்படி உள்ள வருவாரு? நாங்க கோயில்ல வெச்சுக்கறோம். நீ வராட்டிப் பரவாயில்ல.”

முகூர்த்த நேரத்தில் செண்பகவல்லி இயந்திரத்தின் முன் நின்றபடியே மூடிய கேட்டை நோக்கி அட்சதை தூவினாள்.