கோல் வலையின் கீழ் மூலை

சாக்கின் வாயைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்ப்பதற்குள் கங்காதரனுக்குக் கை வேர்த்துவிட்டது.

உள்ளே இருந்தது பழைய கோல் வலை. இருபத்தெட்டு வருஷமாகக் கிளப் கொட்டகையின் பரண்மேல் கிடந்தது.

விடிந்தால், கடப்பாக்கத்துப் பழைய ஐஸ் ரூமில் நீலக்கடல் கால்பந்துக் கழகத்தின் அருங்காட்சியகம் திறப்பு. கிளப்பின் ரசிகர்களே சுண்ணாம்பு அடித்து, ஆணி அடித்து, வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிச் சேர்த்தது. கிழிந்த ஜெர்சி, காற்றுப்போன பந்து, பிடி உடைந்த கோப்பை எல்லாம் வந்துவிட்டன. வலை மட்டும்தான் பாக்கி.

“வலைய நான் பாத்துக்கறேன்” என்று முதலில் கையைத் தூக்கியவர் கங்காதரன்தான். இந்த வயசிலும் என்ன ஆர்வம் பார் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆர்வமாவது மண்ணாவது. மனுஷன் வேட்டி மடிப்பில் வலை ஊசியையும் வெள்ளை நூலையும் ஒளித்துவைத்துக்கொண்டு வந்திருந்தார். யாரும் பார்ப்பதற்குள் அந்த ஓட்டையைத் தைத்துவிட வேண்டும்.

அது அவருடைய ஓட்டை.

அப்போதெல்லாம் கோல் வலையைக் கடையில் வாங்குவதில்லை. கழித்துப்போட்ட மீன் வலையை வெட்டி கங்காதரன்தான் தைத்துக் கட்டுவார். ஃபைனலுக்கு முந்தின நாள் கீழ் மூலையில் பந்து நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. தைத்தாயிற்று என்று வாயால் சொல்லிவிட்டு, செய்யூருக்குப் படம் பார்க்கப் போய்விட்டார்.

மேட்ச் முடிய ஒரு நிமிஷம். நீலக்கடலுக்கு ஆடிய பூபாலன், கங்காதரனுக்கு மச்சான் முறை, இடது காலால் அடித்த பந்து கம்பத்தை ஒட்டி உள்ளே போய், அந்த ஓட்டை வழியாக வெளியே வந்து மணலில் உருண்டது. ரெஃப்ரி கண்ணுக்கு அது வெளியே போன பந்து. கோல் இல்லை என்றார்.

உள்ளேதான் போனது என்று பூபாலன் கடலம்மா மேல் சத்தியம் செய்தான். ரெஃப்ரி நியாயமானவர். பந்து போன வேகத்தில் வலையின் மூலை மணலில் சுருண்டு கிடந்ததால் ஓட்டை அவர் கண்ணில் படவில்லை. கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கங்காதரனிடம் வந்து, வலையில் ஓட்டை ஏதாவது உண்டா என்று கேட்டார்.

கடற்கரைக்காரன் கட்டின வலையில் ஓட்டை என்று நாலு ஊர் ஜனத்துக்கு முன்னால் எந்த வாயால் சொல்வது? மானம் போய்விடாதா?

இல்லை என்று சொல்லிவிட்டார்.

பூபாலன் ஆத்திரத்தில் ரெஃப்ரியைப் பிடித்துத் தள்ளினான். சிவப்பு அட்டை. கோப்பை கை நழுவியது. கிளப்புக்கு ஒரு வருஷத் தடை. பொய்க்காரன், ஊரைக் கெடுத்தவன் என்று அவன் காதுபடவே பேசினார்கள். அதன்பின் அவன் மைதானத்தை மிதிக்கவில்லை. மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் ஏறி இறங்கியே காலத்தைத் தள்ளினான். போன வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான்.

அன்றைக்கு மாலை கங்காதரன் தலைவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டார். வலையை யாரோ அவிழ்த்துச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருந்தார்கள். யார் என்று கேட்கவும் அவருக்குப் பயம்.

எங்கே பார்த்தாலும் பூபாலன் அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பான். அந்த மேட்சைப் பற்றி ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. ஓட்டை விஷயம் அவனுக்குத் தெரியாது என்று கங்காதரன் நம்பினார். நம்பாவிட்டால் அந்த டீ தொண்டையில் இறங்குமா?

இப்போது எதிர்ச் சுவரில் பூபாலனின் படம் மாட்டியிருந்தது. அருங்காட்சியக வேலைகளையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்கிற சங்கவி, கையில் ஓர் அட்டையோடு ஸ்டூல் மேல் நின்றாள். ‘இறுதிப் போட்டியில் நடுவரைத் தாக்கி வெளியேற்றப்பட்டவர்’ என்று அச்சடித்திருந்தது. படத்துக்குக் கீழே அவனுடைய பூட்ஸ். அவன் மனைவி ஆதியம்மாள் துடைத்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தது. நாளைக்கு அவளும் வருகிறாள். முதல் வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

கங்காதரன் வலையைத் தரையில் விரித்தார். கீழ் மூலையைத் தேடினார்.

ஓட்டையைக் காணோம்.

அந்தப் பக்க மூலையா என்று புரட்டிப் பார்த்தார். அங்கேயும் இல்லை. திரும்ப வந்து கண்ணி கண்ணியாகத் தடவினார். வெள்ளை வலையில் ஒரு முழ அகலத்துக்குப் பச்சை நூல் தட்டுப்பட்டது.

ஓட்டை இருந்த அதே இடம். யாரோ நிதானமாக, நன்றாகவே தைத்திருந்தார்கள். முடிச்சுகள் மட்டும் எல்லாம் எதிர்ப்பக்கமாக விழுந்திருந்தன. இடது கையில் ஊசி பிடித்தால்தான் அப்படி விழும். அவர்கள் குப்பத்தில் இடது கைக்காரன் ஒருத்தன்தான்.

அடப்பாவி மச்சான்.

சாட்சி அவன் கையிலேயே இருந்திருக்கிறது. தூக்கிக் காட்டியிருந்தால் ஊர் அவனைத் தோளில் வைத்துக் கொண்டாடியிருக்கும், கங்காதரனைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கும். அவனோ ஆளில்லாத மைதானத்தில் தனியாக உட்கார்ந்து தைத்திருக்கிறான். அதற்குப் பிறகு இருபத்தேழு வருஷம் டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

கங்காதரன் அங்கேயே வலைமேல் உட்கார்ந்துவிட்டார். கண் தளும்பியது.

“மாமா, வலையில எங்கனா ஓட்டை கீதா? இருந்தா இப்பவே சொல்லிடு” என்று சங்கவி ஸ்டூல் மேலிருந்தபடியே கேட்டாள்.

ரெஃப்ரி கேட்ட அதே கேள்வி. இல்லை என்று இப்போது தாராளமாகச் சொல்லலாம், பொய்யாகாது. அவர் சொன்ன பொய்யைப் பூபாலன் அன்று மாலையே மெய்யாக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

சங்கவி அட்டையின் முதுகில் பசை தடவ ஆரம்பித்தாள்.

“இருந்துச்சும்மா” என்றார் கங்காதரன். “அத்த ஒட்டாத. ஆதியம்மாவுக்கு ஒரு போனு போடு. நாளிக்கு வேணாம், இப்பவே வரச் சொல்லு.”