ஜெனரேட்டர் சத்தம்

“மாமா, நான் ஷூ கம்பெனிக்குப் போனதும் தினமும் ஜெனரேட்டர் ஓடுதாமே? இந்த வெயிலுக்கு சோலார் பத்தாதா?” என்று கேட்டாள் ஹேமலதா.

“பேட்டரியில சார்ஜ் கம்மிம்மா. சார்ஜர் போட்டு ஏத்தறேன்” என்றார் மாமனார் தனகோடி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஆனால் இன்வெர்ட்டரில் பேட்டரி ஃபுல் என்று காட்டியது. பக்கத்து வீட்டுக்குத் திருட்டுத்தனமாகக் கரண்ட் கொடுக்கிறாரோ?

மறுநாள் பாதி வேலையில் பர்மிஷன் போட்டுவிட்டு வீடு திரும்பினாள். கொல்லையில் ஜெனரேட்டர் உறுமியது. சார்ஜர் ஒயர் சுருட்டியபடியே கிடந்தது. போன மாதம் இறந்த மனைவியின் பெயரைச் சொல்லி, தனகோடி வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.

அவளைக் கண்டதும் பதறி ஜெனரேட்டரை நிறுத்தினார். “அழுதா அக்கம்பக்கத்துல கேக்கும்னுதாம்மா...”

ஹேமலதா ஜெனரேட்டரை மறுபடி ஸ்டார்ட் செய்துவிட்டு உள்ளே போனாள்.