முதல் மழைப் படம்

"மேடம், கேமராவைப் பையில வைங்க. பெருசா மழை வரப்போவுது."

"அதுக்குத்தானே வந்திருக்கேன்ணே" என்றாள் அந்தப் பெண், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கங்காதரனுக்குச் சிரிப்பு வந்தது. நூம்பல் கிராமத்துக்கு அப்பால் கிடந்த அந்தப் பொட்டலில் மனை விற்பது அவன் தொழில். இரண்டு வருஷமாக மழை பொய்த்ததில் மண் பாளம் பாளமாக வெடித்து, முட்செடிகூட வாடி, பாலைவனமாகத்தான் இருந்தது இடம். மஞ்சள் பூசிய எல்லைக் கற்கள் மட்டும் பளிச்சென்று நின்றன. காய்ந்த மண்ணில் மழை விழுவதைப் படமெடுக்க வேண்டும் என்று அவள் கேட்டதும், தாராளமாகச் சரி என்றுவிட்டான். நல்ல படமாக ஒன்றிரண்டு கிடைத்தால் விளம்பரத்துக்கு ஆகுமே.

முதல் துளிகள் விழுந்ததும் புழுதி எழும்பியது. மண்வாசனை மூக்கைத் துளைத்தது. அடுத்த நிமிஷம் மழை கொட்டத் தொடங்கியது.

அவள் மண்டியிட்டுப் படமெடுத்தாள். கங்காதரன் ஓரத்திலிருந்த தன் கொட்டகைக்கு ஓடிக் குடையைக் கொண்டுவந்து கேமராவுக்கு மேல் பிடித்தான். தான் தொப்பலாக நனைந்ததைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை.

"இன்னா மழை மேடம். இத்தப் பாத்து எம்மாம் நாளாச்சு."

"அழகா இருக்குண்ணே. ஆனா வெடிப்பெல்லாம் குடிச்சிடுது. தண்ணி தேங்கின மாதிரி ஒரு படம் கிடைக்காது போல."

அவள் முகம் வாடியதைக் கங்காதரனால் பொறுக்க முடியவில்லை.

"யார் சொன்னது? இப்டி வாங்க. அந்த மூலைக் கல்லாண்ட நில்லுங்க. மேக்கால கீற கால்வாய்த் தண்ணி மொத்தமும் அங்கதான் எறங்கும். கல்லே முழுகிடும், பாத்துகினே இருங்க."

அவன் சொன்னபடியே செந்நீர் சுழித்துக்கொண்டு வந்தது. மஞ்சள் கற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவள் உற்சாகமாகிவிட்டாள்.

"வீடியோ ஓடுதுண்ணே. நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

கங்காதரன் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, நனைந்த தலைமுடியை ஒதுக்கிக்கொண்டான்.

"நான் இந்த ஊர்க்காரன் மேடம். எங்க மழை பேஞ்சாலும் மொதல்ல ரொம்பறது இந்த எடந்தான். நல்ல மழைன்னா ஆள் முழுகுற ஆழம் நிக்கும். நான் நீச்சல் கத்துகினதே இங்கதான்."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் விரித்து மழையை வாங்கிக்கொண்டான். அதையும் அவள் எடுத்துக்கொண்டாள்.

மழை தூறலானது. அவள் கேமராவைத் துடைத்துப் பையில் வைத்தாள். முகத்தில் அப்படியொரு நிறைவு.

"ரொம்ப நன்றிண்ணே. நீங்க இல்லாட்டி இவ்ளோ கிடைச்சிருக்காது."

"இருக்கட்டும் மேடம். படம் எந்தப் பத்திரிகையில வரும்? கங்காதரன்னு நம்ம பேரையும் போடச் சொல்லுங்க."

"பத்திரிகைக்கு இல்லண்ணே. ஒரே ஒருத்தர் பார்த்தாப் போதும்."

"யாரு அது?"

"நாளைக்குப் பூந்தமல்லியில உங்ககிட்ட மனை ரிஜிஸ்டர் பண்ண வர்றதா இருந்தாரே ஜேம்ஸ், அவர் என் வீட்டுக்காரர். ஒரு மழையைப் பார்த்துட்டு வாங்கலாம்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன். இங்க சொட்டுத் தண்ணி நிக்காதுன்னு நீங்க சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருக்காரு."