தலைவரின் தூண்டில்

"இன்னாத்துக்குச் சுத்தி வளைச்சுப் பேசணும்? இந்த வருஷமும் நான்தான் ஜெயிப்பேன். எங்க மச்சான் பையன் வெற்றிச்செல்வன் பேரைத்தான் சொல்லுவேன்."

தூண்டில் சங்கத் தலைவர் ராஜ்குமார் மைக்கிலேயே இப்படிச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி ரேணுகாதேவிக்குப் பெருமை தாங்கவில்லை. வெற்றிச்செல்வன் அவருடைய அண்ணன் மகன்.

ஏரிக்கரையில் கூடியிருந்தவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் யாரும் எதிர்த்துக் கேட்க முடியாது. வழக்கம் அப்படி.

ஜவ்வாது மலையில் இருக்கும் இந்தச் சங்கம், கடல் அறிவியல் படிக்கப் போகும் ஒரு பிள்ளைக்கு வருஷா வருஷம் உதவித்தொகை கொடுக்கிறது. யாருக்கு என்று ஓட்டுப் போட்டால் அடிதடி வரும். அதனால் போட்டியில் யார் பெரிய மீன் பிடிக்கிறாரோ, அவர் சொல்வதுதான் பேர். மீனை எடை போட்டுவிட்டு மறுபடியும் ஏரியிலேயே விட்டுவிடுவார்கள். மலை மேல் உட்கார்ந்துகொண்டு கடல் படிப்புக்குப் பணமா என்று ஊர் சிரிக்கும். சிரிக்கிற ஊர் எதற்குத்தான் சிரிக்கவில்லை?

இந்த வருஷம் கேட்டிருந்தது இரண்டே பேர். வெற்றிச்செல்வனின் அப்பாவுக்குக் கலசப்பாக்கத்தில் ரைஸ் மில். இன்னொருத்தி நிவேதா. அவள் அப்பா கருப்பன், மலையில் சாமை விதைக்கிறவர். அவளுக்குத் தூத்துக்குடி காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகை கிடைக்காவிட்டால் ஷூ கம்பெனி வேலைக்குப் போவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

காவலூர் வானாய்வு மையத்தில் வேலை பார்க்கும் கல்பனா, சங்கத்தில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் எழுந்து நின்றார்.

"நான் ஜெயிச்சா நிவேதா பேர்தான் தலைவரே."

"கடலையே பாக்காத பொண்ணும்மா அது."

"பாக்கத்தானே சார் போறேன்" என்றாள் நிவேதா. கூட்டம் சிரித்தது.

கல்பனா விடவில்லை. "உங்க வூட்டுப் பையனுக்கு மலை பஸ்ல ஏறுனாலே வாந்தி வருதே, கப்பல்ல இன்னா பண்ணுவான்?"

"மாத்திரை போட்டுக்குவான்" என்று ரேணுகாதேவி முறைத்தார்.

போட்டி தொடங்கியது. வெயில் ஏற ஏற, கல்பனா பிடித்த கெண்டைதான் முன்னால் நின்றது. நல்ல எடை. ராஜ்குமாரின் தூண்டிலில் ஒரு பொடிமீன்கூடக் கடிக்கவில்லை. கருப்பனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

முடிகிற நேரத்தில்தான், எட்டத்தில் பாறை ஓரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்த ராஜ்குமாரின் கழி வில்லாக வளைந்தது. மீன் ஒரு முறை மேலே எழும்பி விழுந்தது. கட்லா. தொட்டில் குழந்தை அளவு இருக்கும். இந்த ஏரியில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

"போச்சு கண்ணு" என்று கருப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"பரவால்லப்பா" என்றாள் நிவேதா. பரவாயில்லாமல் எப்படி இருக்கும்? கண் நிறைந்துவிட்டது.

ரேணுகாதேவி போனை எடுத்தார். "அண்ணா, வெற்றிக்குப் பொட்டி கட்டிடுங்க."

கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ராஜ்குமார் மீனோடு மல்லுக்கட்டினார். இழுத்தார், விட்டார், குனிந்தார். திடீரென்று கழி நிமிர்ந்தது. அவர் தண்ணீரில் தொபுக்கென்று உட்கார்ந்தார்.

"தூண்டில் நரம்பு அறுந்துபோச்சு" என்று கத்தினார்.

விசில் ஊதிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஏரிக்கரையில் யார் பேசியது யாருக்குக் கேட்டது? கருப்பனோடு வந்தவர்கள் பம்பையை அடித்துக் கிளப்பிவிட்டார்கள். கல்பனா மைக்கைப் பிடித்து நிவேதாவின் பெயரைச் சொன்னார். போதாதென்று ஊர் பெயரையும் சேர்த்து இன்னொரு முறை சொன்னார். கருப்பன் துண்டைச் சுழற்றி ஆடினார். நிவேதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையைச் சுற்றி வந்தார்கள். அந்த மலைக்கே ஒரு கடல் கிடைத்த மாதிரி இருந்தது.

"ஆட்டம் போட்டாரு இல்ல, சாமி பாத்துக்கிச்சு" என்று தலைவரைக் காட்டிச் சிலர் சிரித்தார்கள்.

"இத்தினி வருஷமா மீன் புடிச்சு இன்னா பிரயோஜனம்? ஒரு நல்ல நரம்பு வாங்கத் துப்பில்ல" என்று ரேணுகாதேவி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ராஜ்குமார் ஈரத் துணியோடு தனியாகச் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் ஒருவரும் போகவில்லை. நிவேதாவுக்கு மனசு கேட்கவில்லை. போய்த் தூண்டிலை வாங்கி, தொங்கிய நரம்பைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"நீங்க பேசுனதுல எனக்குக் கோவம் இல்லீங்க சார்."

"போம்மா. நான் ஒண்ணும் இஷ்டப்பட்டுக் குடுக்கல."

நரம்பின் நுனி அவள் விரலுக்கு வந்தது. மீன் இழுத்து அறுந்த நரம்பு நுனியில் சுருண்டு, வெளுத்துப்போயிருக்கும். ஏரிக்கரையில் வளர்ந்தவளுக்கு அது தெரியும். இது நேராக, வழவழவென்று இருந்தது.

"சார், இது அறுந்தது இல்லீங்க. வெட்டினது."

ராஜ்குமார் காரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கைக்குள் இருந்த நகவெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மெதுவாப் பேசும்மா. நான் வூட்டுக்குப் போய்ச் சோறு துன்னணும்."