தராசு மாமாவும் இரண்டு ஹெட்போன்களும்

மழைக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டத் தொடங்கிய முதல் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஹெட்போன் கடையில் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த மூவர் மூன்று விதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மகளுக்குத் திங்கட்கிழமை முதல் வேலை. மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு சொல் பிசகினாலும் விபரீதம். ஆகவே உயர்ந்த ஹெட்போனாக வாங்கித் தருவது என்று பஸ் ஓட்டுநரான அப்பா தீர்மானித்து, துணைக்கு மைத்துனரையும் அழைத்து வந்திருந்தார்.

மைத்துனர் எடை, அளவு ஆய்வாளர். கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதிப்பது உத்தியோகம். வீட்டில் அவருக்குத் தராசு மாமா என்றே பெயர்.

மேசைமேல் இரண்டு ஹெட்போன்கள். ஒன்று சின்னது. மற்றது பெரியது, எட்டு மடங்கு விலை.

"சின்னதுதான் கணீர்னு இருக்கு, மாப்ளே," என்றார் ஓட்டுநர்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்ப்பா. சின்னதையே வாங்கிடலாம்," என்றாள் மகள்.

"நீ பேசாதே. விலைச்சீட்டைப் பார்த்துட்டுத்தான் உன் காதே வேலை செய்யுது," என்று அதட்டினார் ஓட்டுநர்.

"ஆனா உங்க காதை எப்படி நம்பறது, அத்தான்?" என்றார் மாமா. "முப்பது வருஷமா இஞ்சின் பக்கத்துல உட்கார்ந்த காது. அடுத்த மாசம் பணிமனையில காதுப் பரிசோதனை வேற. காதுல மாட்டுற கருவி வாங்கிட்டீங்களா?"

"வாங்காம விடுவேனா? தேறலைன்னா ஸ்டியரிங்கைத் தொட விடுவாங்களா? அதுக்குப் பணம் பத்திரமா இருக்கு. நீ இதைக் கேட்டுச் சொல்லு."

விற்பனைப் பெண் சிரித்தாள். "ஒரே ஹெட்போன் ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி கேக்கும், சார். இந்தப் பொண்ணுக்கு மூக்குக்கண்ணாடிக் காம்பு நடுவுல இடிக்குது. அதனால கனமான அடிச்சத்தம் கசிஞ்சுடும். ஐயாவுக்குக் கீச்சுச் சத்தம் எட்டாது. சண்டை போட்டுப் பயனில்லை."

மாமா இரண்டையும் மாட்டிக் கேட்டார். அவருக்கும் சின்னதே நன்றாகக் கேட்டது. அதுதான் அவருக்கு உறுத்தியது. எட்டில் ஒரு பங்கு விலையுள்ள சரக்கு எப்படி ஜெயிக்கும்?

மறுபடி மாட்டினார். இம்முறை கண்கள் விற்பனைப் பெண்ணின் கையைவிட்டு நகரவில்லை. சின்னது காதுக்கு வரும்போதெல்லாம் அவள் விரல் மேசைமேல் இருந்த ஒலிக் குமிழை ஒரு நூல் கூட்டியது. பெரியது வந்தால் ஒரு நூல் குறைத்தது.

"கையை எடும்மா!"

கடையே திரும்பிப் பார்த்தது.

"தராசுத் தட்டுக்கு அடியில புளியை ஒட்டுறவனையே பிடிச்சிருக்கேன், என்கிட்டயா? சத்தம் ஒரு துளி கூட இருந்தா காது அதையே தரம்னு நம்பிடும். தேங்கிக் கிடக்கற சரக்கை எங்க தலையில கட்டப் பார்க்கறே!"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஏனோ மகளைப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டாள்.

மாமா குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலியைத் திறந்து, ஹெட்போன் மெத்தையில் வைத்து, இரண்டையும் ஒரே எண்ணுக்குச் சரிசெய்தார். பிறகு ஒரு மருத்துவர் முணுமுணுக்கும் பதிவை ஓடவிட்டார்.

"இப்பக் கேளுங்க, அத்தான்."

ஓட்டுநரின் முகம் மலர்ந்தது. "அடேயப்பா! பெரியதுல அந்த ஆள் மென்னு முழுங்கறதுகூடப் புரியுதே! நல்லவேளை நீ வந்தே, மாப்ளே. இதையே போடுங்கம்மா."

"அப்பா, வேண்டாம்ப்பா..."

"பேசாம வா." மகளை இழுத்துக்கொண்டு பணம் கட்டும் இடத்துக்குப் போனார்.

மாமா விடவில்லை. "உன் முதலாளியைக் கூப்பிடு. இந்த வயசுல இப்படி ஒரு பித்தலாட்டமா? சின்னதை விற்றா உனக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது, சார். கமிஷன் பெரியதுக்குத்தான். நீங்கதான் இப்ப எனக்குச் சம்பாதிச்சுக் கொடுத்திருக்கீங்க."

அவள் பணம் கட்டும் இடத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து சாயங்காலம் அந்தப் பொண்ணு தனியா வந்துச்சு. காதுக் கருவிப் பணத்தைத்தான் அப்பா எடுத்துட்டு வரப்போறார், சின்னதே என் வேலைக்குப் போதும், எப்படியாவது அவருக்கு அதையே பிடிக்க வைங்கக்கான்னு அழுதுச்சு. எனக்கு வேற வழி தெரியலை, சார்."

மாமா திரும்பினார். ஓட்டுநர் எச்சில் தொட்டு நோட்டுகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பில் போட்டாகிவிட்டது, போட்ட பில்லைத் திரும்ப எடுக்கும் வழக்கம் அங்கே இல்லை.

"முதலாளியைக் கூப்பிடட்டுமா, சார்?"

"வேண்டாம்மா," என்றார் மாமா.

இனாமாக யாரிடமும் ஒரு டீகூடக் குடிக்காதவர் ஓட்டுநர். ஆகவே, பரிசோதனைக்கு நான்கு நாள் முன்பு, ஒரு புதன்கிழமை காலை, காதுக் கருவிக்கான முழுத் தொகையையும் மாமாவே போய்க் கட்டினார். ரசீதை மட்டும் பாதிப் பாதியாக இரண்டாகப் போடச் சொன்னார். ஒன்றை அத்தானிடம் கொண்டுபோய், "தள்ளுபடி போக இவ்வளவுதான், மெதுவாக் கொடுங்க," என்று நீட்டினார். அத்தான் அந்தப் பாதியை அடுத்த இரண்டு சம்பள நாள்களில் கொடுத்துத் தீர்த்தார். மற்றொரு ரசீதை மாமா அந்தக் காதுக் கருவிக் கடை வாசலிலேயே கிழித்துப் போட்டிருந்தார்.