உள்ளே வராதே

“வாழ வந்து வருஷக்கணக்கா ஆச்சு மேடம். இன்னும் அடுப்படிக்குள்ள கால் வைக்க விடமாட்டேங்கறாங்க.”

குழாயடியில் பாத்திரம் தேய்த்தபடி மருமகள் சொன்னாள். மாமியார் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தியிருந்தாள்.

கேட்டுக்கொண்டு நின்றவளை அந்தத் தெருவே ‘அடுப்பு மேடம்’ என்றுதான் கூப்பிடும். புகை குறைந்த விறகு அடுப்பு செய்யும் பட்டறையில் அவள் இன்ஜினீயர். கேஸ் வண்டி ஏறி வராத மேட்டுத் தெரு அது. வீட்டுக்கு வீடு தன் அடுப்பைக் கொடுத்து, பெண்கள் சொல்லும் குறையைக் கேட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள்.

“காய் நறுக்கிக் கொடுத்தாக்கூட வாசல்லயே வாங்கிப்பாங்க. ‘உள்ளே வராதே, அங்கேயே நில்லு’ம்பாங்க. பக்கத்து வீட்டு அக்காவெல்லாம் கேட்டுட்டுச் சிரிக்கிறாங்க. நான் என்ன, உப்பு புளியத் திருடிக்கிட்டா போயிடுவேன்?”

“உன் வீட்டுக்காரர் ஒண்ணும் கேக்கறதில்லையா?”

“அவர் அம்மா பிள்ளை. ‘ஒரு வேலை மிச்சம்னு இரேன்’ங்கறார். சோறு பொங்கத் தெரியாதவன்னு எங்கம்மா வீடு வரைக்கும் பேச்சுப் போயிடுச்சு மேடம்.”

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் அடுப்பு மேடத்துக்கு மனசு கேட்கவில்லை. “பேசாம தனியா ஒரு வீடு பார்த்துப் போயிடு” என்றாள் பட்டென்று.

“அதான் மேடம் நானும் நினைச்சுக்கிட்டிருக்கேன். இவர்கிட்ட முடிவாச் சொல்லிடப் போறேன்.”

உள்ளே அடுப்படி புகையில் மங்கிக் கிடந்தது. மாமியார் ஊதுகுழலை வைத்துக்கொண்டு பழைய அடுப்போடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். நாலு வார்த்தை பேசுவதற்குள் இருமல் வந்து மறித்தது.

புது அடுப்பு மூலையில் கிடந்தது.

“என்னம்மா, இதை ஓரங்கட்டிட்டீங்க?”

“பெரிய பானையை வச்சா புகையுது. ஆகாது. தூக்கிட்டுப் போ.”

“உங்க பழசுக்கு இது எவ்வளவோ தேவலையேம்மா!”

“தேவலைங்கற பேச்செல்லாம் எனக்கு வேணாம். புகையே வரக் கூடாது. முடியுமா, முடியாதா?”

அதிகாரம் கைவிட்டுப் போயிடும்னு பயம், அதான் குறை சொல்லுது என்று உள்ளுக்குள் பொருமியபடி அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பானை உட்காரும் குமிழ்களை உயர்த்தினாள். காற்று போகும் துளைகளைப் பெரிதாக்கினாள். திரும்பக் கொண்டுவந்தாள்.

“ஈர விறகு வச்சா கண்ணு எரியுது. எடுத்துட்டுப் போ.”

“அந்தம்மாவை விட்டுத் தள்ளுங்க மேடம். குறை சொல்றதுக்குன்னே பொறந்திருக்கு” என்றார்கள் பட்டறையில்.

அவளுக்கு ரோஷம். எழும்பும் புகையே திரும்ப எரிந்து போகும்படி மேலே இன்னொரு வரிசைத் துளை போட்டாள். அடியில் குட்டி விசிறி ஒன்றைப் பொருத்தினாள். புகை அளக்கிற கருவியின் முள் அசைவேனா என்றது.

இந்த முறை மாமியார் வேண்டுமென்றே நனைந்த விறகாகப் பொறுக்கி வைத்தார். வீட்டிலேயே பெரிய பானையை ஏற்றினார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

அவர் அடுப்பின் மேல் முகத்தைக் கவிழ்த்து, ஆழமாக மூச்சை இழுத்தார். நின்றார். மறுபடி இழுத்தார்.

இருமல் வரவில்லை.

“கதவைச் சாத்திப் பார்க்கட்டுமா?”

“வேணாம்மா. எந்த அடுப்பா இருந்தாலும் காத்து வேணும். ஜன்னலைத் திறந்தே வைங்க.”

“அப்ப ஜன்னலையும் பெருசாக்கச் சொல்றேன்” என்றவர் வாசல் பக்கம் திரும்பினார். “ஏம்மா, இங்க வா. இன்னியிலேருந்து இது உன் அடுப்படி.”

மருமகள் நிலைப்படியிலேயே நின்றாள்.

“என்ன முழிக்கிறே? எனக்குக் காலு வலிக்குது. வந்து பானையைப் பாரு.”

அவள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். விறகை ஒரு முறை தள்ளிவிட்டாள். அந்த முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தபடியே மாமியார் வெளியே போனார். அடுப்பு மேடமும் பின்னாலேயே போனாள்.

“ஒரு வழியா விட்டுக் கொடுத்தீங்களே! தனிக்குடித்தனம் போற அளவுக்கு அந்தப் பொண்ணு நொந்துபோயிருந்தா. தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

மாமியார் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். குரல் இறங்கியது.

“அவளுக்கு இழுப்பு இருக்கும்மா.”

“எங்கிட்ட அவ சொல்லவே இல்லையே!”

“யார்கிட்டயும் சொல்ல மாட்டா. கல்யாணம் நின்னுடும்னு அவ வீட்ல மறைச்சுட்டாங்க. வந்த புதுசுல ஒரு நாள் அடுப்பை மூட்டினா. கொஞ்ச நேரத்துல ஆளைக் காணோம். பின்பக்கம் போய்ப் பார்த்தா, சத்தம் வெளிய வராம வாயில துணியை அடைச்சுக்கிட்டு மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு நிக்குறா. என்னம்மான்னு கேட்டதுக்கு, கண்ணுல தூசி விழுந்துடுச்சுன்னு சொன்னா. என் மகனுக்குக்கூட இன்னிவரைக்கும் தெரியாது.”

தனியாகப் போ என்று சொன்னது நானல்லவா என்று அடுப்பு மேடத்துக்கு மனசு குத்தியது.

“எனக்குத் தெரியும்னு அவகிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமேம்மா. இத்தனை கெட்ட பேரு உங்களுக்கு எதுக்கு?”

“சொன்னா, பொய் சொல்லி இந்த வீட்டுக்கு வந்துட்டோமேன்னு ஒவ்வொரு வாய் சோத்துக்கும் தலை குனிஞ்சே உக்காருவா, அதுக்கு நான் கொடுமைக்காரின்னே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன்.”